புது மடக்குக் கத்தி: பைக்குள் போகும் முன் ஒரு தீட்டு

பெட்டியைப் பிரித்ததும் ஒரு தாளை அறுத்துப் பார்த்து, கூர் நன்றாகத்தான் இருக்கிறது என்று கத்தியைப் பைக்குள் போட்டுவிடுவதுதான் பலருடைய வழக்கம். ஒரு வாரம் போவதற்குள் அதே கத்தி அட்டைப்பெட்டியின் மேல் வழுக்க ஆரம்பிக்கிறது. இரும்பு சரியில்லை என்ற பெயர் வந்துவிடுகிறது. பெரும்பாலும் இரும்பின் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. முதுகு ஸ்பிரிங் வைத்த பாரம்பரிய மடக்குக் கத்தியில், அதாவது ஸ்லிப்ஜாயின்ட்டில், தொழிற்சாலை தருவது ஒரு தற்காலிக வாய்தான், அதாவது வெட்டும் ஓரம்தான். உண்மையான வாயை வாங்கியவர்தான் வைக்க வேண்டும். அதைக் கத்தி மழுங்கும்வரை தள்ளிப்போடாமல் முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

ஏன் தற்காலிகம் என்று பார்ப்போம். அலகு பெல்ட் அரவை இயந்திரத்தில் ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள் ஓடுகிறது. பிறகு மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் ஓர் ஓட்டம். வாயின் நுனியில் உலோகத்தின் கனம் மிகமிகக் குறைவு. அங்கே பிறக்கும் சூடு உள்ளே பரவ இடமில்லை. 1095 போன்ற கார்பன் எஃகைக் கடினப்படுத்திய பின் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் அளவில்தான் பதப்படுத்துகிறார்கள். அரவையில் வாய் அதைத் தாண்டிச் சுட்டுவிட்டால் அந்த மெல்லிய ஓரம் மட்டும் பதம் இழந்து மென்மையாகிவிடும். 300 டிகிரியை நெருங்கினால் எஃகு நீலம் பாய்ந்து காட்டிக்கொடுக்கும்; ஆனால் அடுத்து வரும் பஃப் அந்த நிறத்தைத் துடைத்து எடுத்துவிடும். கண்ணுக்குப் பளபளப்பான வாய், உள்ளுக்குள் பதம் கெட்ட வாய். ஒன்றிரண்டு தடவை தீட்டிய பிறகு கத்தி கூரை நெடுநாள் தாங்குகிறது என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் காரணம் இதுதான். சுட்ட உலோகம் தேய்ந்து, அடியில் இருக்கும் நல்ல எஃகு வெளியே வந்திருக்கிறது.

இரண்டாவது சிக்கல் பிசிறு. அரவையில் வாயின் நுனி மறுபக்கமாக மடிந்து நிற்கும் மெல்லிய உலோக இழை அது. பஃப் அதை நிமிர்த்தி மெருகேற்றிவிட்டால், கையின் ரோமத்தைக்கூட மழிக்கும். முதல் அட்டையை வெட்டும்போது மடிந்தோ ஒடிந்தோ போய்விடும். காலையில் மழித்த கத்தி மாலையில் வழுக்குகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது, கோணம். கையால் பிடித்து அரைப்பதால் ஒரு பக்கம் 18 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி என்று வருவது சாதாரணம். கூர்ச்சரிவு, அதாவது வாயை ஒட்டிச் சாய்வாக அரைத்த பட்டை, நுனிப்பக்கம் அகலமாகவும் கைப்பிடிப் பக்கம் குறுகியும் இருக்கும். பல கத்திகளில் கைப்பிடியை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வாய் தீட்டப்படாமலேயே கிடக்கும்.

தீட்டும் முன் பார்க்க வேண்டியவை

கல்லை எடுப்பதற்கு முன் கத்தியைச் சுத்தம் செய்யுங்கள். புதுக் கத்தியின் மூட்டில் பஃப் மசியும் அரவைத் தூளும் கலந்த கறுப்புச் சேறு தங்கியிருக்கும். திறந்து மூடும்போது கரகரப்பாகத் தெரிந்தால் அதுதான். அலகு சுழலும் மூட்டு ஆணியின் இருபக்கமும் ஒவ்வொரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு இருபது தடவை திறந்து மூடி, கசிந்து வருவதை டிஷ்யூ தாளால் துடைக்க வேண்டும். கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். விக்டோரினாக்ஸ் போன்ற துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் கைப்பிடிக் கத்திகளை வெதுவெதுப்பான சோப்பு நீரிலேயே திறந்து மூடிக் கழுவிவிடலாம். எலும்பு, கொம்பு, மரக் கைப்பிடிகளை ஊற வைக்கக் கூடாது. ஓப்பினல் கத்தியின் மரம் ஈரத்தில் உப்பினால் அலகு பிளவுக்குள் இறுகிக்கொண்டு திறக்கவே வராது.

அடுத்த சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் ஸ்லிப்ஜாயின்ட்டைப் பொறுத்தவரை கோணத்தைவிட இது முக்கியம். மூடிய நிலையில் அலகின் வாய் முதுகு ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலகின் அடியில், வாய் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு சிறு மேடு இருக்கும். கத்தி மூடும்போது அந்த மேடுதான் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து வாயை அந்தரத்தில் நிறுத்துகிறது. மேடு போதாமல் போனால் ஒவ்வொரு முறை மூடும்போதும் வாய் ஸ்பிரிங்கில் அடிபடும். எவ்வளவு அருமையாகத் தீட்டினாலும் ஒரே இடத்தில் மழுங்கிக்கொண்டே இருக்கும்.

மெல்லிய ரசீதுத் தாளை நீளமாகக் கிழித்து, அலகு உட்காரும் பள்ளத்தின் அடியில் ஸ்பிரிங்கின் மேல் படும்படி வையுங்கள். முதலில் அலகை விரலால் தாங்கி மெல்ல மூடித் தாளை எடுத்துப் பாருங்கள். பிறகு வேறு தாள் வைத்து, கடைசி இழுப்பில் அலகைச் ‘சட்டென்று’ விழ விட்டுப் பாருங்கள். இரண்டிலும் தாள் முழுசாக வந்தால் கவலையில்லை. மெல்ல மூடும்போது கோடு விழாமல், விழவிட்டால் மட்டும் கோடு விழுந்தால், அந்தக் கத்தியைக் கையால் தாங்கி மூடும் பழக்கம் போதும். இரண்டிலுமே கோடு விழுந்தால் புதுக் கத்தியை மாற்றித் தரச் சொல்வதுதான் நேர்மையான வழி. மாற்ற முடியாதபோது, பள்ளத்தின் அடியில் மெல்லிய தோல் துண்டையோ மரச் சீவலையோ நுழைத்து வைப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இடிக்கிறதே என்று அந்த மேட்டை அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்தால் அலகு இன்னும் ஆழமாக இறங்கும், இடி கூடும். மேட்டைத் தேய்ப்பது வேறொரு கோளாறுக்கான மருந்து: மூடிய கத்தியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு துணியில் மாட்டும்போது. அதிலும் அளவு மிக முக்கியம். ஆணியிலிருந்து மேடு 8 மில்லிமீட்டரிலும் நுனி 65 மில்லிமீட்டரிலும் இருந்தால், மேட்டில் 0.1 மில்லிமீட்டர் தேய்த்தாலே நுனி 0.8 மில்லிமீட்டர் இறங்கும். அரத்தை இரண்டு தடவை ஓட்டிவிட்டு மூடிப் பார்க்க வேண்டிய வேலை அது.

பிறகு வாயைப் பாருங்கள். ஒற்றை விளக்கின் கீழ் வாயை மேல்நோக்கிப் பிடித்து மெல்ல ஆட்டினால், மழுங்கலும் வாய் உடைந்த இடங்களும் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். நல்ல வாய்க்கு ஒளியைத் திருப்பித்தர அகலம் இருக்காது. இன்னொன்றையும் அளந்துவிடுவது நல்லது: கூர்ச்சரிவு எங்கே தொடங்குகிறதோ அந்தத் தோளின் கனம். வெர்னியர் காலிப்பரில் 0.4 மில்லிமீட்டருக்குள் வந்தால் கத்தி நன்றாக வெட்டும். 0.8 வந்தால் எவ்வளவு கூராக்கினாலும் ஆப்பு அடித்தது போல இறுகும். இந்தக் கனமும் சரிவின் அகலமும் தெரிந்தால் தொழிற்சாலைக் கோணத்தையே கணக்கிட்டுவிடலாம். தோள் 0.5 மில்லிமீட்டர், சரிவின் அகலம் 0.6 மில்லிமீட்டர் என்றால் பக்கத்துக்கு ஏறத்தாழ 25 டிகிரி. அதே தோளில் 15 டிகிரி வைத்தால் சரிவு 1 மில்லிமீட்டர் அகலம் வரும். ஆக, குறுகிய சரிவைப் பார்த்தால் தடித்த கோணம் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

எஃகும் கோணமும்

எல்லாக் கத்திக்கும் ஒரே கோணம் ஒத்துவராது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 2006 முதல் இயங்கும் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி நிறுவனம் பெரும்பாலும் 1095 கார்பன் எஃகைத்தான் பயன்படுத்துகிறது. அதில் கார்பன் ஏறத்தாழ 0.95 சதவீதம். இத்தகைய எஃகு பக்கத்துக்கு 15 டிகிரியைத் தயங்காமல் தாங்கும். அதே மாநிலத்தில் பிராட்ஃபோர்டிலிருந்து வரும் கேஸ் கத்திகள் பெரும்பாலும் இருவகை: குரோம் வனேடியம் கலந்த கார்பன் எஃகு ஒன்று, ‘ட்ரூ ஷார்ப்’ என்ற பெயரில் வரும் துருப்பிடிக்காத எஃகு மற்றது. முதலாவதற்கு 15 அல்லது 16. இரண்டாவதற்கு 18 வைப்பது பாதுகாப்பு. விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56 சுற்றுவட்டாரம். 15 டிகிரியில் அழகாக வெட்டும், ஆனால் கடினமான பொருளில் பட்டால் வாய் சுருளும். அதனால் 18 முதல் 20. பிரான்சின் சவாய் பகுதியில் 1890இல் பிறந்த ஓப்பினலின் கார்பன் அலகு முதுகிலிருந்தே மெலிந்து வருவது. அதற்கு 15க்கு மேல் தேவையே இல்லை. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக் கத்தியில் நடுவில் கடின எஃகும் இருபக்கமும் மென்இரும்பும் சேர்ந்த அலகுகள் உண்டு. மென்மையான பக்கம் கல்லில் வேகமாகக் கரையும், கீறலும் சட்டென்று விழும். அவசரப்படாமல் வாயோரத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

கோணத்தைக் கையில் கொண்டுவர ஒரு கணக்கு போதும். அலகின் அகலத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால், அலகின் நடுக்கோடு முதுகுப் பக்கம் கல்லிலிருந்து எவ்வளவு உயர வேண்டும் என்று வரும். 14 மில்லிமீட்டர் அகல அலகுக்கு 15 டிகிரி என்றால் 3.6 மில்லிமீட்டர், 20 டிகிரி என்றால் 4.8. கண்ணுக்குத் தெரிவது நடுக்கோடு அல்ல, முதுகின் கீழ் விளிம்பு. ஆகவே முதுகுக் கனத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். முதுகு 2 மில்லிமீட்டர் கனமானால், கல்லுக்கும் முதுகுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி 15 டிகிரிக்கு ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டர்தான். இது பலர் நினைப்பதைவிடக் குறைவு. பழக்கமில்லாதவர்கள் முதுகை அளவுக்கு மீறித் தூக்கிவிடுவது இதனால்தான். அந்த உயரத்துக்கு ஒரு சிறு மரச் சீவலைச் சீவி கல்லின் மேல் வைத்து, அலகை அதன்மேல் சாய்த்துக் கை அந்த நிலையைப் பழகிய பின் சீவலை எடுத்துவிடலாம். பேனா அலகு போன்ற 8 மில்லிமீட்டர் அகலச் சிற்றலகுகளுக்கு இடைவெளி இன்னும் சுருங்கும். ஒவ்வோர் அலகுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

கல் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கல்லின் பொடித்தன்மையைச் சொல்வது கிரிட் எண்; எண் கூடக் கூடக் கல் நைசாகும். கோணத்தை மாற்ற 300 அல்லது 400 கிரிட், வாயை அமைக்க 1000 கிரிட், கடைசியில் பச்சை குரோமியம் ஆக்சைடு தேய்த்த தோல்வார். இவை போதும். எளிய கார்பன் எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடு கல்லே பிரமாதமாக வேலை செய்யும். வைரத் தகடு வேகமானது, தட்டையும் மாறாது, ஆனால் அழுத்தினால் ஆழக் கீறும். எண்ணெய்க் கல்லில் எண்ணெய், நீர்க் கல்லில் நீர்; ஒருமுறை எண்ணெய் குடித்த கல் பிறகு நீரில் சரியாக வேலை செய்யாது. கல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் முதலில் அதைச் சமப்படுத்துங்கள். இழுத்துத் தேய்க்கும் வகை, அதாவது கார்பைடு தகடுகள் எக்ஸ் வடிவில் நிற்கும் சிறு கருவிகளை இந்தக் கத்திகளின் பக்கமே கொண்டுவர வேண்டாம். அவை உலோகத்தைக் கிழித்தெடுக்கும். கைப்பிடியை ஒட்டிய பகுதியை எட்டாமல் விட்டு அங்கே ஒரு படியை உண்டாக்கும். வேகமாகச் சுற்றும் உலர் சக்கரம் தொழிற்சாலை செய்த அதே சூட்டுத் தவறைத் திரும்பவும் செய்யும்.

கல்லின் மேல்

தொடங்குமுன் போல்ஸ்டரையும் (கைப்பிடி முனையில் இருக்கும் உலோகப் பகுதி), அலகின் அடியில் தீட்டாத சதுரப் பகுதியையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். அலகுப் பள்ளத்துக்குள்ளும் மூட்டருகிலும் மடித்த டிஷ்யூவைச் செருகினால் கல் சேறு உள்ளே போகாது. பல அலகுள்ள கத்தியில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்திருங்கள். இப்போது கூர்ச்சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். 400 கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மை எங்கே அழிந்தது என்று பாருங்கள். தோளில் மட்டும் அழிந்தால் உங்கள் கோணம் தொழிற்சாலைக் கோணத்தைவிடச் சரிந்திருக்கிறது. அதுதான் நமக்கு வேண்டும். வாயின் நுனியில் மட்டும் அழிந்தால் முதுகு அதிகமாகத் தூக்கியிருக்கிறது.

தோள் கரைந்து கரைந்து சரிவு வாயின் நுனியை எட்டும்வரை ஒரே பக்கத்தில் வேலை செய்யலாம். எட்டியதற்கு அடையாளம் மறுபக்கத்தில் பிசிறு எழுவது. கட்டைவிரலை முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளிநோக்கி மெல்ல வழித்தால் நகத்தில் தட்டும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பிசிறு அடியிலிருந்து நுனிவரை இடைவெளி இல்லாமல் வந்திருக்க வேண்டும். வராத இடத்தில் வேலை முடியவில்லை. நடுவில் வந்துவிட்டதே என்று அங்கேயே தொடர்ந்து தேய்த்தால் வாய் நடுவில் குழிந்துபோகும். வராத இடத்தில் மட்டும் தனியாகத் தீட்டுங்கள். பிறகு மறுபக்கம், அதே அளவு.

அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. எடை பார்க்கும் தராசின் மேல் கல்லை வைத்துத் தீட்டிப் பார்த்தால் கை உண்மையை ஒப்புக்கொள்ளும். கோணம் மாற்றும் கட்டத்தில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை தாராளம். முடிக்கும் கட்டத்தில் 100 கிராம் சுற்றியிருந்தால் போதும். மெல்லிய அலகில் அதற்கு மேல் அழுத்தினால் அலகு வளைந்து கோணமே மாறிவிடும்.

இந்த வகைக் கத்திக்குப் பூட்டு கிடையாது என்பதை மறக்கக் கூடாது. வாயை முன்னே தள்ளித் தீட்டும்போது கல்லின் எதிர்ப்பு அலகைத் திறந்த நிலையை நோக்கித் தள்ளும், பயமில்லை. முதுகு முன்னே போகும்படி இழுக்கும்போது உராய்வு அலகை மூடும் திசையில் இழுக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த கத்தியில் முதுகின் மேல் விரலையும் அழுத்தினால் மடங்கிவிடலாம். கைப்பிடியைப் பிடிக்கும் விரல்கள் அலகுப் பள்ளத்தின் வாய்க்கு மேலே வளையாமல், பக்கங்களில் மட்டும் இருக்கட்டும். பூட்டு வளையம் உள்ள ஓப்பினலில் அதைத் திருப்பிப் பூட்டிவிடலாம். ஹிகோனோகாமியில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. பின்னால் நீட்டும் சிறு நெம்பைக் கட்டைவிரல் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதிதான் அதிகம் கெட்டுப்போகும் இடம். வாய் முடியும் இடத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும் கத்திகளில் கல்லின் ஓரம் சுலபமாக அதற்குள் விழும். பல பாரம்பரிய அலகுகளில் அந்த வெட்டு இருக்காது. வாய் நேராகத் தடித்த பகுதிக்குள் ஓடி மறையும். அங்கே கல் மேலேறி நிற்கும், கடைசி மில்லிமீட்டர்கள் தீட்டுப்படாது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் தீட்டுப்பட்ட பகுதி உள்வாங்கி, அடியில் ஒரு மூக்கு துருத்திக்கொள்ளும். அதன்பின் பலகையில் வைத்து வெட்டினால் அந்த மூக்குதான் முதலில் படும், வாய் படாது. இதைத் தவிர்க்க, கல்லின் நீள ஓரம் அந்த எல்லைக்கோட்டைச் சரியாகத் தொடும்படி அலகை வைத்து ஒவ்வோர் இழுப்பையும் அங்கிருந்தே தொடங்குங்கள். ஓரம் மொட்டையாக உருண்டிருக்கும் கல் இதற்கு உதவாது. வட்ட ஊசி அரத்தால் வாயின் அடியில் ஒரு சிறு பிறையை வெட்டிக்கொள்பவர்களும் உண்டு. தீட்டுவது சுலபமாகும் என்பது உண்மை. ஆனால் வெட்டும் நார் அந்தப் பிறையில் மாட்டும், கத்தியின் பழைய உருவமும் போய்விடும். புதுக் கத்தியில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

நுனியில் நிகழும் தவறு இரண்டு. வாய் வளைந்து மேலேறும் இடத்தில் கைப்பிடியைச் சிறிது உயர்த்தாவிட்டால் அங்கே கோணம் சரிந்து சரிவு அகலமாகிவிடும். அளவுக்கு மீறி உயர்த்தினால் வாய் தடித்துவிடும். மார்க்கர் மை இரண்டையும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, இழுப்பின் முடிவில் நுனி கல்லின் விளிம்பைத் தாண்டி விழுவது. விழும் ஒவ்வொரு முறையும் நுனி உருண்டையாகும். நுனி கல்லின் மேல் இருக்கும்போதே நிறுத்தி அலகைத் தூக்க வேண்டும். வளைவே இல்லாத நேர்வாய் அலகுகளில், அதாவது ஷீப்ஸ்ஃபுட், வார்ன்கிளிஃப் வகைகளில், கைப்பிடியை உயர்த்தவே கூடாது. அவற்றின் பலமே முழு வாயும் ஒரே நேரத்தில் பலகையைத் தொடுவதுதான்.

மூன்று அலகுள்ள ஸ்டாக்மேன் போன்ற கத்திகளில் அலகுகள் ஒன்றையொன்று உரசாமல் மடங்க வேண்டும் என்பதற்காக அவற்றை அடியில் இலேசாகப் பக்கவாட்டில் வளைத்திருப்பார்கள். அலகு கைப்பிடிக்கு நேர்க்கோட்டில் இல்லாததால் ஒரு பக்கம் தீட்டும் உணர்வும் மறுபக்கம் தீட்டும் உணர்வும் ஒத்துப்போகாது. கையின் உணர்வை நம்பாமல் மையை நம்புங்கள். குட்டை அலகுகளில் போல்ஸ்டர் கல்லில் இடித்துக் கோணத்தைத் தூக்கும். கல்லைக் கட்டையின் மேல் உயர்த்தி வைத்து, அதன் ஓரத்தை ஒட்டித் தீட்டினால் கைப்பிடி வெளியே தொங்கும். விரலளவு சிறு கல்லைக் கையில் பிடித்து, கத்தியை அசையாமல் வைத்து, கல்லை அலகின் மேல் ஓட்டுவது சிற்றலகுகளுக்கு இன்னும் எளிது.

பிசிறை எடுப்பது

1000 கல்லில் 400இன் கீறல்கள் எல்லாம் மறைந்து, இருபக்கமும் மெல்லிய பிசிறு வந்தபின்தான் உண்மையான தேர்ச்சி தெரியும். வாயை முன்னே தள்ளி, ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு. பிறகு ஆறு, நான்கு, இரண்டு. கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, முடிவில் கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கட்டும். கார்பன் எஃகில் பிசிறு இதற்குள் ஒடிந்து விழுந்துவிடும். 420 ஹெச்.சி., 440 ஏ போன்ற துருப்பிடிக்காத எஃகில் பிசிறு ஒடியாமல் இப்படியும் அப்படியும் மடிந்துகொண்டே இருக்கும். அப்போது கோணத்தை இரண்டு டிகிரி மட்டும் கூட்டி, பக்கத்துக்கு மூன்று நான்கு இழுப்பு, மிக இலேசாக. பிசிறு வேரோடு அறுபடும். கூடவே வாயின் நுனியில் ஒரு நுண்சரிவும் அமைந்து அதற்குப் பலம் சேரும்.

வாரில் முதுகு முன்னே போக, கல்லில் வைத்த அதே கோணத்தில், பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு போதும். மென்மையான தடித்த தோலில் அழுத்தி இழுத்தால் தோல் வாயைச் சுற்றி எழும்பி அதை உருட்டிவிடும். கட்டையில் ஒட்டிய மெல்லிய தோல்தான் நல்லது. வார் பிசிறை மறைக்கும் இடமல்ல. கல்லிலேயே எடுத்த பின்புதான் வாருக்குப் போக வேண்டும். 3000, 6000 என்று கல்லில் ஏறிக்கொண்டே போகலாமா என்றால், மரம் செதுக்குபவருக்குத் தகும். கயிறும் அட்டையும் பழமும் வெட்டும் பைக்கத்திக்கு 1000 கல்லோடு நிறுத்தி வாரில் முடித்தால் வாயில் நுண்ணிய பல் மிச்சமிருந்து இழுத்து வெட்டும்போது நன்றாகக் கடிக்கும்.

மழிப்புச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது, பிசிறும் மழிக்கும். மெல்லிய தாளை அடியிலிருந்து நுனிவரை முழு வாயும் படும்படி வெட்டுங்கள். சத்தம் மாறும் இடத்தில், கிழியும் இடத்தில் மிச்ச வேலை இருக்கிறது. பிறகு அட்டையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டிவிட்டு அதே தாளைத் திரும்ப வெட்டுங்கள். முன்போலவே ஓடினால் பிசிறு போய்விட்டது. சட்டென்று தடுமாறினால் 1000 கல்லுக்குத் திரும்ப வேண்டும்.

கார்பன் எஃகில் வினிகர் தடவிச் சாம்பல் நிறம் ஏற்றும் ஆசை இருந்தால், அதைத் தீட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அமிலம் மெல்லிய வாயைத்தான் முதலில் அரிக்கும். தீட்டிய பிறகு செய்தால் உழைப்பெல்லாம் அதில் கரையும்.

தீட்டி முடித்ததும் டிஷ்யூவையும் டேப்பையும் எடுத்து, அலகை முதுகிலிருந்து வாய்நோக்கித் துடைத்து, மூட்டில் திரும்பவும் எண்ணெய் விட்டுக் கறுப்பு வருவது நிற்கும்வரை திறந்து மூடுங்கள். கல் தூள் ஒரு துளி உள்ளே தங்கினாலும் மூட்டைத் தேய்க்கும். கார்பன் அலகில் உணவுக்கு ஆகும் மினரல் ஆயில் மெல்லிய படலமாக இருக்கட்டும். ரசீதுத் தாள் சோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள். முதல் சில நாட்கள் மூடும்போது அலகின் முதுகை உள்ளங்கையால் தள்ளி, கைப்பிடியை விரல்கள் பக்கவாட்டில் மட்டும் பிடித்திருக்கட்டும்; நேற்றுவரை இருந்த வாய் அல்ல இப்போது உள்ளே விழுவது.

ஒரு வாரம் பையில் இருந்தபின் வாயை விளக்கின் கீழ் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் வாரில் பத்து இழுப்பு போதும். வாயின் நீளம் முழுக்க இலேசான மினுக்கம் தெரிந்தால் 1000 கல்லில் பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு. ஓரிடத்தில் மட்டும் மின்னினால் மறுபடி ரசீதுத் தாளை எடுங்கள். கத்தி எங்கோ ஸ்பிரிங்கைத் தொடுகிறது. எங்கும் இடிக்காமலே வாய் மடிந்து சுருண்டிருந்தால், சுட்ட உலோகம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று கொண்டு 400 கல்லிலிருந்து ஒரு சுற்றுத் தீட்டுங்கள். அதன் பிறகும் அதே கோணத்தில் சுருண்டால் நுண்சரிவை 20 டிகிரிக்கு உயர்த்திவிடலாம்.